அடுப்படி கேள்வி பதில்: பப்பாளிப் பால் பண்ற வேலை

போன இதழ்ல முத்துன கறிக்கு குக்கர்ல எத்தனை விசில்னு ஒருத்தங்க கேட்டதுக்குப் பதில் எழுதும்போது, போற போக்குல "பப்பாளிக்காய் கொஞ்சம் அரைச்சுப் போட்டாலும் சரிதான்"னு ஒரு வரி சேர்த்துட்டேன். அம்புட்டுதான், விசில எல்லாரும் மறந்துட்டாங்க, பப்பாளியப் பிடிச்சுக்கிட்டாங்க. வந்த கடுதாசி, வாட்ஸப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல பழமும் பாலும் கறியுமாத்தான் இருக்கு. அதனால இந்தத் தடவை முழுக்க அதேதான், வத்தக்குழம்பு கேட்ட மூணு பேரும் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

அக்கா, நீங்க எழுதுனத நம்பி ஒரு கிலோ வெள்ளாட்டுக்கறிக்கு பாதி பப்பாளிக்காய அரைச்சுப் பெசறி ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல வச்சேன். காலைல பாத்தா பெருசா ஒண்ணும் தெரியல. ஆனா சுக்கா வறுக்கும்போது கரண்டி பட்ட இடமெல்லாம் கறி பொலபொலன்னு கரைஞ்சு களி மாதிரி ஆயிருச்சு. இது கறியா அல்வாவான்னு வீட்டுக்காரர் கேக்குறாரு. எங்க தப்பு? - திருமங்கலம் வாசகி

தப்புல பாதி எனக்குத்தான்மா, அளவு சொல்லாம எழுதுனேன். மீதி அந்தப் பாதிக் காய்க்கு.

இதே கூத்த நானும் பண்ணிருக்கேன். கெமிஸ்ட்ரி படிச்சு முடிச்ச புதுசு, அழகர்கோவில் பக்கம் சொந்தத்துல ஒரு காதுகுத்து, கெடா வெட்டு. முத்தல் கெடா, பன்னெண்டு கிலோ கறி. எங்கப்பா மெஸ் நடத்துனவரு, அவரு பாட்டுக்கு வேக வச்சுருப்பாரு, நான்தான் "இருங்கப்பா நான் படிச்சதுக்கு ஒரு வேலை பாக்குறேன்"னு மூணு பப்பாளிக்காய தோலோட ஆட்டி கறி பூரா பூசி விட்டேன். மொதல் சட்டி அடுப்புல ஏறுனதும் எண்ணெயில கறிய காணோம், மாவுதான் மிதக்குது. எல்லாரும் என்னைப் பாக்குறாங்க. எங்க அப்பத்தா ஒண்ணும் பேசல, மிச்சம் இருந்த பச்சைக்கறிய அப்படியே அம்மில தள்ளி, பொட்டுக்கடலை மாவும் சோம்பும் சின்ன வெங்காயமும் போட்டு கோலா உருண்டையா உருட்டிப் பொரிச்சிருச்சு. அன்னைக்கு வந்தவுக இன்னமும் அந்த கோலாவப் பத்தி பேசுறாக. உங்களுக்கும் அடுத்த தடவ இப்படி ஆனா அதுதான் வழி.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பப்பாளிக்காய கீறுனா வெள்ளையா ஒரு பால் வடியுதுல்ல, அதுக்குள்ள பப்பெய்ன்னு ஒரு நொதி இருக்கு, என்சைம்னு சொன்னாத்தான் இப்ப எல்லாருக்கும் தெரியுது. 1879-ல பிரான்ஸ்ல உர்ட்ஸ்ங்கிற வேதியியல்காரர் பிரிச்சு எடுத்து ஆராய்ச்சி பண்ணது. புரதம்ங்கிறது நீளமான சங்கிலி மாதிரி, இந்த நொதி அந்தச் சங்கிலிய அங்கங்க நறுக்கி விடுற கத்தரிக்கோல். ஒரு வெட்டு வெட்டிட்டு தேஞ்சு போற கத்தரிக்கோல் இல்ல, வெட்டிட்டு அடுத்ததுக்குப் போகும், அதுக்கு அடுத்ததுக்கும் போகும், அதனாலதான் ஒரு ஸ்பூன் விழுது ஒரு கிலோ கறிக்குப் போதும்.

இப்ப உங்க கேள்வில ஒரு நல்ல குறிப்பு இருக்கு, நீங்களே கவனிச்சு எழுதிருக்கீங்க: காலைல ஒண்ணும் தெரியல, அடுப்புல ஏத்துனதும் கரைஞ்சுச்சு. அங்கதான் சூட்சுமம். ஃப்ரிட்ஜ் குளிர்ல பப்பெய்ன் தூங்கிக்கிட்டே வேலை பாக்குற ஆளு. வெளிய வச்சா கொஞ்சம் சுறுசுறுப்பு. சட்டில சூடு ஏறி கறி 50 டிகிரி, 60 டிகிரி, 70 டிகிரின்னு போகும்போதுதான் வெறி பிடிச்சு வெட்டும். 80-ஐத் தாண்டி கொதிக்கப் போகும்போது அதுவே ஒரு புரதம்ங்கிறதால சுருண்டு செத்துரும், அதுக்கப்புறம் எவ்வளவு நேரம் வேக விட்டாலும் அது ஒண்ணும் பண்ணாது. நாம ராத்திரி பூரா ஊறுனாத்தான் வேலை நடக்கும்னு நெனைக்கிறோம், உண்மைல பெரும்பாலான வேலை அடுப்புல அந்தக் கொஞ்ச நேரத்துல நடக்குது. சுக்காவுக்கு நீங்க சின்ன தீயில பைய சூடு ஏத்திருப்பீங்க, அந்த 50-க்கும் 80-க்கும் நடுவுல கறி ரொம்ப நேரம் கெடந்திருக்கும், பாதிக் காய் பால் சும்மா விடுமா.

இன்னொண்ணு, இது உள்ள எறங்காது. மேல இருந்து சில மில்லிமீட்டர் வரைக்கும்தான் போகும். பெரிய துண்டா இருந்தா மேல களி, உள்ள ரப்பர்னு ரெண்டுங்கெட்டானா ஆகும். அதனால சின்னத் துண்டா போட்டுக்கங்க, இல்லன்னா கத்தி முனையில அங்கங்க குத்தி விடுங்க. கிலோவுக்கு தோலோட அரைச்ச விழுது ஒரு பெரிய ஸ்பூன், அரை மணியில இருந்து ஒரு மணி நேரம், அவ்வளவுதான். தோல்லதான் பால் ஜாஸ்தி, சீவி எறிஞ்சுட்டு சதைய மட்டும் போடாதீங்க. பழுத்துட்டா பால் கொறைஞ்சு போகும், பழத்த சாப்பிடுங்க, கறில போடாதீங்க.

அதோட ஒரு சந்தேகம், உங்களுக்கு இது தேவையான்னே தெரியல. வெள்ளாட்டுக்கறி குழம்பு வைக்கிறதா இருந்தா குக்கர் போதும். கறி முத்தலா இருக்கிறதுக்கு முக்கிய காரணம் தசைய கட்டி வச்சிருக்கிற கொலாஜன், வயசாக வயசாக அது ஒண்ணோட ஒண்ணு இறுகிக்கிட்டே போகும். அத எளக்க ஈரமும் சூடும் நேரமும் போதும், குக்கருக்குள்ள 120 டிகிரி பக்கம் போகுது, அரை மணில கொலாஜன் ஜெலட்டினா கரைஞ்சு குழம்புல வழுவழுன்னு வந்துரும். பப்பாளி எதுக்குன்னா தண்ணி இல்லாம தோசைக்கல்லுல, கரி அடுப்புல சுடுற கறிக்கு. அங்க கறி சீக்கிரமே தண்ணி வத்தி வெறைச்சுக்கும், கொலாஜன் கரைய நேரம் இருக்காது.

எங்க மாமியார் கறி வேகலன்னா தேங்கா செரட்டை ஒரு துண்டு போடுவாங்க, சில சமயம் கொட்டைப்பாக்கு. எங்கம்மா வீட்ல பப்பாளிக்காய வெட்டி கொதிக்கிற குழம்புல போடுவாங்க. யாரு சரி? - மேலூர் வாசகி

இத நான் தீர்த்து வைக்கப் போயி ரெண்டு வீட்லயும் எனக்கு சோறு இல்லாம போயிரும்.

செரட்டை காஞ்ச மரம் மாதிரி, அதுக்குள்ள கறிய வெட்டுற நொதி எதுவும் இல்ல. மாமியார் செரட்டைய போட்டுட்டு மூடிய மூடி இன்னும் முக்கா மணி நேரம் விடுறாங்க பாருங்க, வேக வைக்கிறது அந்த முக்கா மணி நேரம்தான். பாக்குல இருக்கிற துவர்ப்பு டானின், அது புரதத்த பிடிச்சு இறுக்குற சமாச்சாரம், தோல் பதனிடுறதுக்கே டானின்தான் போடுறாங்க, அதப் போயி கறி மெத்துன்னு ஆக போடுறது எனக்கு என்னமோ ஒப்பல.

அம்மா வீட்டு முறைல பொருள் சரி, நேரம் தப்பு. கொதிக்கிற குழம்புல போட்ட உடனே பப்பெய்ன் செத்துரும், அப்புறம் அது வெறும் காய், சுரைக்கா போட்டதும் அதுவும் ஒண்ணுதான். பச்சைக்கறில பெசறி வச்சுட்டு அடுப்புல ஏத்தச் சொல்லுங்க. மாமியார்கிட்ட இந்தப் பக்கத்தக் காட்ட வேணாம்.

மூணு ஏக்கர்ல பப்பாளி போட்ருக்கேன். காய்ல பால் எடுத்து வித்தா காசுன்னு ஒருத்தர் சொல்றாரு. நெஜமா? எப்படி எடுக்கிறது? - உசிலம்பட்டி விவசாயி

நெஜம்தாண்ணே, ஆனா வாங்குற ஆள மொதல்ல உறுதி பண்ணிக்கிட்டு எறங்குங்க, எடுத்து வச்சுக்கிட்டு ஆளத் தேடாதீக. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல பாலுக்குன்னே கோ 2, கோ 5, கோ 6-ன்னு ரகம் வெளியிட்ருக்காங்க. நீங்க போட்ருக்கிறது சந்தைக்கு பழமா போற ரகமா இருந்தா பால் அம்புட்டு வராது, அது மொத கணக்கு.

எடுக்கிற விதம் இப்படி: காய்ச்சு 75-ல இருந்து 90 நாள் ஆன பச்சைக் காய், காலைல பத்து மணிக்கு முன்னாடி, வெயில் ஏறுனா பால் சீக்கிரம் ஒறைஞ்சு வடியாது. துருப்பிடிக்காத பிளேடால மேல இருந்து கீழ நாலு கீறல், மூணு மில்லிமீட்டருக்கு மேல ஆழம் போகக் கூடாது, ஆழமா போனா பால் ஒண்ணும் ஜாஸ்தியா வராது, காய்தான் அழுகும். மூணு நாலு நாள் கழிச்சு அதே காய்ல கீறாத எடத்துல திரும்ப கீறலாம். இரும்பு பாத்திரம் ஆகாது, இரும்பு பட்டா நொதி கெட்டுரும், கண்ணாடியோ அலுமினியமோ வச்சுக்கங்க. எடுத்த பால அன்னைக்கே 50, 55 டிகிரி சூட்டுக்குள்ள காய வைக்கணும், நெறம் மாறாம இருக்க கொஞ்சம் பொட்டாசியம் மெட்டா பைசல்பைட் கலப்பாங்க. கை உறை இல்லாம செய்யாதீக, கறிய திங்கிறது கைய விட்டு வைக்குமா, தோல் உரிஞ்சு எரியும். காஞ்ச தூளும் மூக்குல ஏறுனா சில பேருக்கு இளைப்பு வரும், துணி கட்டிக்கங்க.

கீறுன காய் பழுத்தா ருசில கொறை இல்ல, ஆனா மேல தழும்பு தழும்பா இருக்கும், மாட்டுத்தாவணி சந்தைல எவனும் கையில எடுக்க மாட்டான். அது பேக்கரி பன்னுல செவப்பும் பச்சையுமா கெடக்குமே டூட்டி ப்ரூட்டி, அதுக்குப் போகும். அதுவும் பப்பாளிக்காய்தான், தெரியாதவுக தெரிஞ்சுக்கங்க.

தம்பி பிறந்தநாளுக்கு அன்னாசிப்பழம் வெட்டிப் போட்டு ஜெல்லி செஞ்சேன். ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல வச்சும் தண்ணியாவே இருந்துச்சு. அதே பாக்கெட்ல ஆப்பிள் போட்டா நல்லா ஒறையுது. பாக்கெட் கம்பெனிக்காரங்களுக்கு மெயில் போடலாமா அக்கா? - வில்லாபுரம், கல்லூரி மாணவி

போடாத தங்கம், அவங்க பாவம். அட்டைப்பெட்டி பின்னாடி பொடி எழுத்துல பச்சை அன்னாசி போடாதீங்கன்னு இருக்கான்னு ஒரு தடவ பாரு.

ஜெல்லிய ஒறைய வைக்கிறது ஜெலட்டின், அது மாட்டு எலும்பு, தோல்ல இருந்து எடுக்கிற புரதம். முன்னாடி சொன்ன கொலாஜன் கரைஞ்சா வர்றதுதான் அது. அன்னாசில ப்ரோமெலைன்னு ஒரு நொதி இருக்கு, பப்பாளி நொதிக்கு அண்ணன் தம்பி மொற, அது ஜெலட்டின் சங்கிலிய துண்டு துண்டா வெட்டிருச்சு, அப்புறம் எங்குட்டு ஒறையிறது. அன்னாசிய ஒரு அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு ஆற வச்சுப் போட்டிருந்தா நொதி செத்திருக்கும், ஜெல்லி நின்னிருக்கும். டின்ல வர்ற அன்னாசி போட்டா ஒறையிறதும் இதனாலதான், அடைக்கும்போதே சூடு பண்ணித்தான் அடைக்கிறாங்க. கல்யாண வீட்ல அன்னாசி கேசரி கசக்காம இருக்குல்ல, அங்கயும் பழத்த சீனியோட வேக வச்சுத்தான் போடுறாங்க. பச்சைப் பழத்த பால்ல அடிச்சு வச்சுட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிச்சுப் பாரு, திரிஞ்சு போயி ஒரு கசப்பு வரும், பால் புரதம் ஒடைஞ்சா வர்ற துண்டுக சிலது கசக்கும்.

ஆனா நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு ஜெலட்டின் பாக்கெட்டுக்கு ஏன் போற? கடல்பாசி வாங்கு. ராமநாதபுரம் கரையோரம் பொம்பளைங்க முங்கி எடுக்கிற பாசில இருந்து வர்றது, அது புரதம் இல்ல, மாவுச்சத்து வகை, ப்ரோமெலைனுக்கு அதுல கடிக்க ஒண்ணும் இல்ல. அன்னாசிய மட்டும் கடைசியா வெதுவெதுப்புல சேரு, புளிப்போட ரொம்ப நேரம் கொதிச்சா கடல்பாசியும் எளகிரும். ஜிகர்தண்டால போடுற பாதாம் பிசினும் இதே மாதிரிதான், மரத்துப் பிசின், புரதம் இல்ல. ஜிகர்தண்டால அன்னாசி போடலாமான்னு அடுத்து கேக்காத, போட்டா பாசிக்கு ஒண்ணும் ஆகாது, பாலுக்கு ஆகும், எனக்கு கோவம் வரும்.

அக்கா, இஞ்சி டீ போட்டா சில நாள் பால் திரிஞ்சு போகுது, சில நாள் நல்லா வருது. பால் புதுசுதான். பால்காரர்கிட்ட சண்டை போட்டாச்சு. - சோழவந்தான் வாசகி

அவர்கிட்ட போயி ஒரு டீ குடுத்து சமாதானம் ஆயிக்கங்க. இஞ்சிலயும் புரதத்த வெட்டுற நொதி இருக்கு, அதுவும் 60 டிகிரி பக்கம்தான் ஜோரா வேலை பாக்கும். நீங்க அவசரத்துல தட்டுன இஞ்சிய நேரா பால்ல போட்டு சூடு ஏத்துன நாள்ல திரிஞ்சிருக்கும், தண்ணில கொதிக்க விட்டு அப்புறம் பால் ஊத்துன நாள்ல நல்லா வந்திருக்கும். நிதானமா யோசிச்சுப் பாருங்க, அப்படித்தான் இருக்கும். இஞ்சிய தண்ணில ரெண்டு மூணு நிமிஷம் தளதளன்னு கொதிக்க விட்டுருங்க, நொதி காலி, வாசனை மட்டும் மிச்சம்.

நாம திரிஞ்சு போச்சுன்னு கொட்டுறத சீனால குவாங்டாங் பக்கம் வேணும்னே பண்ணி சாப்பிடுறாங்க. கிண்ணத்துல இஞ்சிச்சாறு, அதுமேல சூடான சக்கரைப் பால ஒரே ஊத்தா ஊத்தி அசைக்காம விட்டா கொஞ்ச நேரத்துல தயிர் மாதிரி நிக்கும். நான் செஞ்சு பாத்தேன், மூணுல ஒரு தடவ வந்துச்சு, மத்த ரெண்டும் டீயாப் போச்சு.

இன்னொரு விஷயம், நாம கறிக்கு இஞ்சி பூண்டு அரைச்சு பெசறி வைக்கிறமே, அது வாசனைக்கு மட்டும் இல்ல. இஞ்சி நொதிக்கு கொலாஜன வெட்டுறதுல தனி கைப்பக்குவம் உண்டு. பப்பாளி, அன்னாசி ரெண்டும் அமெரிக்கா கண்டத்துச் சரக்கு, நம்ம பக்கம் வந்து 500 வருஷம் கூட முழுசா ஆகல, இஞ்சி அதுக்கு எம்புட்டோ காலம் முன்னாடியே இங்க உண்டு. ஆனா பச்சையா அன்னைக்கு அரைச்சதா இருக்கணும், கடைல வாங்குற விழுதுல அந்த வேலைய எதிர்பாக்காதீங்க.

அன்னாசி தின்னா நாக்கு அரிக்குது, அப்ப அது நம்ம நாக்க திங்குதா? வயித்தையும் தின்னுருமா? - பழங்காநத்தம், பிளஸ் ஒன் மாணவன்

நல்ல கேள்விடா தம்பி. திங்குது, கொஞ்சமா. நாக்குமேல இருக்கிற மெல்லிசான புரதப் படலத்த ப்ரோமெலைன் கொறிக்குது, அதோட அன்னாசில ஊசி ஊசியா கால்சியம் ஆக்சலேட் படிகமும் இருக்கு, அது குத்துன எடத்துல புளிப்பும் பட்டு எரியுது. நீ வாயில வச்சிருக்கிற நேரம் கம்மி, நாக்கும் சீக்கிரம் புதுசா வளர்ந்துக்கும், பயப்படாத. யானைக்கல்லு பக்கம் தள்ளுவண்டில வெட்டி உப்பும் மொளகாப்பொடியும் தூவித் தர்றாங்களே, உப்புத் தண்ணில கொஞ்ச நேரம் போட்டு எடுத்தா இன்னும் நல்லது.

வயித்தப் பொறுத்தவரைக்கும் அங்க ஏற்கனவே ஒரு பெரிய ரவுடி இருக்கான், பெப்சின்னு பேரு, 1836-ல ஷ்வான்ங்கிற ஜெர்மன்காரர் கண்டுபிடிச்சாரு. அவனே வயித்த திங்காம இருக்க, ஆள பூட்டு போட்ட நிலைமையில சுரக்கிறது, சுவருக்கு கோழை பூசி வைக்கிறதுன்னு உடம்பு ஏற்பாடு பண்ணிருக்கு. அன்னாசி அங்க போயி என்ன பண்ணப் போகுது.

நீ பயாலஜி குரூப்பா இருந்தா இதையும் கேட்டுக்க. பப்பெய்ன் கத்தரிக்கோல வச்சு இங்கிலாந்துல ராட்னி போர்ட்டர்ங்கிறவரு 1959 வாக்குல நம்ம ரத்தத்துல இருக்கிற எதிர்ப்பொருள, ஆன்டிபாடின்னு படிக்கிறீங்களே, அத சரியா மூணு துண்டா வெட்டிக் காட்டுனாரு. ரெண்டு துண்டு கிருமியப் பிடிக்கிற கை, ஒண்ணு பிடி. புத்தகத்துல ஒய் எழுத்து மாதிரி படம் போட்ருப்பாங்கல்ல, அந்த உருவம் புரிய ஆரம்பிச்சது அங்க இருந்துதான். 1972-ல ஜெரால்ட் எடல்மனோட சேர்த்து அவருக்கு நோபல் பரிசு குடுத்தாங்க. கறிக்கடைக்குப் போகும்போது இத நெனச்சுப்பேன் நான்.

மாசமா இருக்கேன். பப்பாளி போட்டு வேக வச்ச கறி சாப்பிடலாமா? - திருப்பரங்குன்றம் வாசகி

நல்லா கொதிச்சு வெந்த கறில பப்பெய்ன் உயிரோட இருக்காது. ஆனாலும் பச்சைப் பப்பாளிப் பால மாசமா இருக்கும்போது தவிர்க்கச் சொல்றது வெறும் பாட்டி கதை இல்ல, அந்தப் பால் கர்ப்பப்பைய இறுக்குறத எலில பாத்திருக்காங்க. குக்கர் இருக்கு, எதுக்கு வீண் யோசனை. மத்தத உங்க டாக்டரம்மாகிட்ட கேளுங்க, என்கிட்ட கேக்காதீங்க.

பப்பாளி கிடைக்கலன்னா வேற என்ன போடலாம்? கிவின்னு ஒண்ணு இப்ப சூப்பர் மார்க்கெட்ல இருக்கே. - ஆனையூர் வாசகர்

கிவில ஆக்டினிடின், கொஞ்சம் சாதுவான நொதி, கறி களியாகிற பயம் கம்மி, வெலையப் பாத்தா கறிய விட ஒசத்தி மாதிரி தெரியுது எனக்கு. அத்திப்பால்ல ஃபைசின் இருக்கு, ஆனா அது பப்பாளிய விட முரட்டு ஆளு. ராஜஸ்தான்ல கச்ரின்னு ஒரு சின்னக் காட்டு வெள்ளரிக்காய காய வச்சுப் பொடிச்சு கறிக்குப் போடுறாங்க, பாக்க நம்ம மிதுக்கங்கா மாதிரியே இருக்கும். நம்ம மிதுக்கு வத்தல வெஞ்சனமா வறுத்துத் தின்னே தீத்துருவோம், கறிக்கு எங்க மிஞ்சும். தயிரு, எலுமிச்சை, புளி எல்லாம் போடலாம், ஆனா அது நொதி வேலை இல்ல, புளிப்பு வேலை, மேலாப்புல கொஞ்சம் எளக்கும். கடைல மீட் டெண்டரைசர்னு விக்கிற பொடி பெரும்பாலும் உப்போட கலந்த பப்பெய்ன்தான், ஸ்பூன எறக்கியே போடுங்க.

பிராய்லர் கோழிக்கு பப்பாளி எவ்வளவு போடணும்? - பேரு போடாத ஒருத்தர்

பிராய்லருக்கா? அது ஆறு வாரக் குஞ்சு அய்யா, அடுப்பு பக்கத்துல வச்சாலே வெந்துரும். நாட்டுக்கோழி, அதுவும் முட்டை விட்டு ஓஞ்ச பெட்டையா இருந்தா எழுதுங்க, பேசுவோம்.